உட்கார்ந்து குளிப்பவருக்கு ஏற்ற கை ஷவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கை ஷவர் வாங்கப் புறப்படுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரை ஈரமில்லாத குளியலறையில், அவர் குளிக்க உட்காரும் நாற்காலியிலேயே, உடுத்திய உடையோடு ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள். அவர் எழுந்திருக்காமலும் முன்னால் சாயாமலும் கையை எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது, எந்தக் கையில் பிடிமானம் குறைவு என்பவை தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஐந்து வகைத் தூவல், ஏழு வகைத் தூவல் எல்லாம் இதற்குப் பிறகுதான். மென்மையாக, சீராக விழும் ஒரே ஒரு தூவல் இருந்தாலே போதும் என்பது என் கருத்து.

முதலில் ஹோஸ் குழாயின் நீளம். பெரும்பாலும் ஷவருடன் வரும் 1.5 மீட்டர் ஹோஸ் நின்று குளிப்பவருக்குப் போதும்; உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கும் பாதத்துக்கும் அது எட்டாமல் போகலாம். சுவரில் தண்ணீர் வரும் இடத்திலிருந்து நாற்காலியைச் சுற்றி ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து பார்த்தால் தேவையான நீளம் தெரியும். பல வீடுகளில் 2 மீட்டர் சரியாக இருக்கும். அதற்காகத் தேவைக்கு மேல் நீளமாக வாங்கினால், தரையில் சுருண்டு கிடக்கும் ஹோஸே காலை இடறிவிடும்.

அகலமான தட்டு போன்ற ஷவர் தலை பார்வைக்கு அழகாக இருந்தாலும், தண்ணீர் நிரம்பிய ஹோஸின் எடையும் சேரும்போது, மூட்டுவலி உள்ள கைக்கு அது பாரம். எடை குறைந்ததாகவும், சோப்பு நுரையில் வழுக்காதபடி கைப்பிடியில் வரிகளோ ரப்பர் உறையோ உள்ளதாகவும், சுவரின் நிறத்திலிருந்து எளிதில் பிரித்தறியக்கூடியதாகவும் தேர்ந்தெடுங்கள். கைப்பிடியிலேயே தண்ணீரை நிறுத்தும் பொத்தான் இருப்பது மிகவும் உதவும்; பிடிமானம் குறைந்த கையின் கட்டைவிரலால் அதை இயக்க முடிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். நிறுத்திய பிறகும் சில ஷவர்களில் கொஞ்சம் தண்ணீர் கசியும். ஹோஸில் அழுத்தம் கூடாமலிருக்க அப்படியே வடிவமைத்திருப்பார்கள் என்பதால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். ஆனால் குளித்து முடித்ததும் பொத்தானை மட்டும் நம்பாமல் சுவரிலுள்ள குழாயையும் மூடிவிட வேண்டும். இடையில் நிறுத்தித் திறக்கும்போது முதலில் வரும் தண்ணீரின் சூடு மாறியிருக்கலாம். அதை உடலில் படாமல் தரையில் விடுவது நல்லது.

சூட்டைக் கட்டுப்படுத்துவது ஷவரின் வேலையல்ல, வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தரும், அது இணையும் மிக்சர் குழாயின் வேலை. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வெந்துபோகச் செய்யும். முதியவர்களின் தோல் மெலிந்திருக்கும், நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதமோ சூட்டை உணராமலே புண்ணாகும். ஆகவே பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால், வெப்பநிலையைத் தானே நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சருக்கே நான் முதலிடம் தருவேன். அது இல்லாத இடத்தில் குளிர்ந்த நீரை முதலில் திறந்து, பிறகு வெந்நீரைச் சேர்க்க வேண்டும்.

ஷவரை மாட்டும் கொக்கி, உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில், கைக்கு எட்டும் பக்கத்தில் அமைய வேண்டும். ஷவரை மேலும் கீழும் நகர்த்த உதவும் கம்பி சாதாரணமாக உடல் எடையைத் தாங்காது. வழுக்கும்போது கை தானாக அதைத்தான் பற்றும் என்பதால், சுவரில் உறுதியாகத் திருகிய தனிக் கைப்பிடிக் கம்பி ஒன்று அருகில் இருந்தாக வேண்டும். காற்றுறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை இதற்கு நம்பக் கூடாது.

தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீராக இருந்தால், ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தமே கிடைக்கும். அங்கே குறைந்த அழுத்தத்துக்கென்று குறிப்பிட்ட ஷவரையே கேட்டு வாங்குங்கள். இணைப்பு பெரும்பாலும் அரை அங்குலத் திருகுதான். உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்துக் கையால் இறுக்கினாலே பொதுவாகக் கசியாது. ஷவர் தலையை வாளித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு வைக்காதீர்கள். குழாயில் அழுத்தம் குறைந்தால் அழுக்கு நீர் பின்னோக்கி இழுக்கப்படலாம். உப்பு படிந்த துளைகள் சிலிக்கோனால் ஆனவையென்றால் விரலால் தேய்த்தாலே அடைப்பு விடும்.