சூவிக் கப்பலை ஸ்குட்டெரனாக மாற்றும் மாதிரி வேலை

1901-இல் பெல்ஃபாஸ்டில் கட்டப்பட்ட ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் பயணிக் கப்பல் சூவிக். 1928-இல் நார்வேக்காரர்கள் வாங்கி, ஜெர்மனியின் கீல் நகரில் திமிங்கில எண்ணெய் காய்ச்சும் ஆலையாக மாற்றி, ஸ்குட்டெரன் என்று பெயரிட்டார்கள். என் மேசையில் இருப்பது இந்த இரண்டாவது வாழ்க்கைதான். 1:350 அளவில் உடல் சுமார் 48 செ.மீ. வரும்.

முதலில் பின்புறத்தை அறுத்துத் திறவுங்கள். திமிங்கிலத்தை இழுத்தேற்றும் சரிவுப்பாதை அங்கேதான். மொத்த மாதிரியிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது, அவசரப்படாதீர்கள். சரிவின் மேல்முனை நேராக வெட்டுத்தளத்தில், அதாவது திமிங்கிலத்தை வெட்டும் மேல்தளத்தில் முடிய வேண்டும். திமிங்கிலத்தின் வால் பக்கத்தைக் கவ்வி, நீராவி வின்ச்சால் (வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரம்) கம்பிவடத்தில் இழுப்பார்கள். அதனால் வின்ச்சுகள் சரிவுக்கு நேர்க்கோட்டில் இருக்கட்டும்.

அப்புறம் தளம். பலகை ஒட்டி, நடுவை வெறுமையாக விடுங்கள். ஆட்கள் ஆணி வைத்த பூட்ஸோடு நின்று, நீளக் கத்தியால் கொழுப்பை உரித்த இடம் அது. தளத்தில் சிறு துளைகள் அவசியம்: கொழுப்புத் துண்டுகள் அவை வழியாகக் கீழேயுள்ள கொதிகலன்களுக்குள் விழும்.

பெயிண்ட் பளபளக்கக் கூடாது. எண்ணெய்க் கறையும் கரிப்புகையும் படிந்த மங்கல் பழுப்பை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.

முன்பகுதியில் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு கீறுவேன். 1907-இல் இங்கிலாந்தின் லிசர்ட் முனைப் பாறையில் சிக்கியபோது முகப்பை வெடிவைத்துப் பிரித்து, புதிய முகப்பைப் பொருத்தினார்கள். பார்ப்பவர் கேட்டால் அதையும் சொல்லலாம்.