கம்பத்து நிழலில் சறுக்கும் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வடிவொத்த முக்கோணம், அதாவது அளவு வேறானாலும் கோணங்கள் சமமாகவும் பக்கங்கள் ஒரே விகிதத்திலும் இருக்கும் முக்கோணங்கள், பாடத்தில் வந்துவிட்டால் இந்தக் கணக்கைக் கொடுக்காமல் விடமாட்டேன். ராத்திரி நேரம், கொப்பரை காயப்போடும் களம், ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பம். அதிலிருந்து 4 மீட்டர் தள்ளி 1.5 மீட்டர் உயரப் பையன் நிற்கிறான். அவன் நிழல் 2 மீட்டர். விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

பாதிப் பேர் 3 மீட்டர் என்று நோட்டை நீட்டுவார்கள். 2-க்கு 1.5 என்றால் 4-க்கு 3, அவ்வளவுதானுங்களே சார் என்பார்கள். படத்தைப் போடு கண்ணு என்பேன். இரண்டு முக்கோணமும் நிழலின் நுனியில்தான் சேர்கின்றன. சின்னதன் அடிப்பக்கம் 2. பெரியதன் அடிப்பக்கம் நுனியிலிருந்து கம்பம் வரை, அதாவது 2-உம் 4-உம் சேர்ந்து 6. எனவே 1.5-ஐ மூன்றால் பெருக்க வேண்டும், விடை 4.5 மீட்டர். அந்த 4 மீட்டர் எந்த முக்கோணத்துக்கும் முழுப் பக்கமே இல்லை.

இதே சறுக்கல்தான் அடிப்படை விகிதசம தேற்றத்திலும். அதைத் தேல்ஸ் தேற்றம் என்றும் சொல்வார்கள். அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டால் மற்ற இரு பக்கங்களும் ஒரே விகிதத்தில் பிரியும். ஒரு பக்கம் மேலே 4, கீழே 6 என்று பிரிகிறது, இணைகோட்டின் நீளம் 6 என்று வையுங்கள். 4-க்கு 6 என்ற விகிதத்தை அப்படியே அடிப்பக்கத்துக்கும் போட்டு 9 என்று எழுதிவிடுகிறார்கள். வெட்டுத் துண்டுகளின் விகிதம் வெட்டுத் துண்டுகளோடு சரி. இணைகோட்டையும் அடிப்பக்கத்தையும் ஒப்பிட வேண்டுமானால் 4-க்கு 10, துண்டுக்கு முழுப் பக்கம். அடிப்பக்கம் 15.

அடுத்தது, படத்தை நம்பிப் பக்கங்களை ஜோடி சேர்ப்பது. ஒரு முக்கோணத்தைக் கவிழ்த்து வரைந்தாலே போதும், இடப்பக்கத்துக்கு இடப்பக்கம் என்று பிடித்துக்கொள்வார்கள். சம கோணங்களுக்கு எதிரே இருப்பவைதான் ஒத்த பக்கங்கள். ஏபிசி, டிஇஎஃப் வடிவொத்தவை என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து வரிசையே ஜோடியைச் சொல்லிவிடும்: ஏபி-க்கு டிஇ, பிசி-க்கு இஎஃப். கணக்குக் கொடுத்தவர் சும்மா எழுதிய வரிசை அல்ல அது.

வடிவொத்த முக்கோணம் ஒன்று சொல் என்றால், பக்கங்களை ஒரே எண்ணால் பெருக்காமல் ஒரே எண்ணைக் கூட்டுகிறவர்களும் உண்டு. 3, 4, 5 செங்கோண முக்கோணம். ஆளுக்கு 2 கூட்டினால் 5, 6, 7. செங்கோணமே போயிற்று, அப்புறம் எங்கே வடிவொப்பு? பரப்பு கேட்டால் விகிதத்தை வர்க்கப்படுத்துங்கள்: பக்கம் 2-க்கு 3 என்றால் பரப்பு 4-க்கு 9. சுற்றளவுக்கு வர்க்கம் வேண்டாம்.

பகலில் தோப்புக்குக் கூட்டிப்போய்த் தென்னையை அளக்கச் சொல்வேன். நட்டுவைத்த 1 மீட்டர் குச்சிக்கு நிழல் 80 சென்டிமீட்டர், மரத்துக்கு 12 மீட்டர். ஒருத்தன் 80-ஐ மீட்டராக்காமலே போட்டு மரம் 0.15 மீட்டர் என்றான். ஒரு சாண்கூட இல்லாத தென்னை! சரியான விடை 15 மீட்டர். அதுவும் இரண்டு நிழலையும் ஒரே நேரத்தில் அளந்திருந்தால்தான். குச்சியை அளந்துவிட்டு இளநீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் வெயிலின் கோணம் மாறியிருக்கும்.