போர் இழப்பீட்டு விதியை வாசிப்பது எப்படி?

பள்ளியில் வரலாறு நடத்திய முதல் சில ஆண்டுகளில், ‘1870–71 போரில் தோற்ற பிரான்ஸ் ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க் இழப்பீடு தந்தது’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “அவ்வளவு தங்கத்தையும் எதில் ஏற்றிக்கொண்டு போனார்கள், டீச்சர்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 பிராங்க் தங்கக் காசு ஒன்று 6.45 கிராம். 25 கோடிக் காசுகள் என்றால் 1,600 டன்னுக்கு மேல். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் 19ஆம் நூற்றாண்டு உடன்படிக்கைகளின் இழப்பீட்டு விதிகளை வரி வரியாக வாசிக்கப் பழகினேன். நான் வாசிக்கும் முறை இதுதான். அந்தப் போரை முடித்துவைத்து 1871 மே 10இல் கையெழுத்தான பிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையின் 7ஆம் விதியை எடுத்துக்கொள்வோம்.

மொத்தத் தொகையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது கண்ணைக் கட்டிவிடும். தவணைகளைத் தேடுங்கள். பாரிஸில் அரசின் அதிகாரம் மீண்டும் நிலைபெற்ற 30 நாளுக்குள் 50 கோடி, அந்த ஆண்டிலேயே இன்னொரு 100 கோடி, 1872 மே 1இல் 50 கோடி, எஞ்சிய 300 கோடி 1874 மார்ச் 2க்குள். கடைசிப் பகுதிக்கு மட்டும் 5 சதவீத வட்டி. அதாவது ஆண்டுக்கு 15 கோடி. முன்கூட்டிக் கட்டிய பணத்துக்கு வட்டி நின்றுவிடும் என்ற வரியை அடிக்கோடிடுங்கள். பின்னால் நடந்த பேச்சுவார்த்தைகளில் இந்த வரிக்குப் பங்கு உண்டு.

அடுத்து, எந்த வடிவில் பணத்தை வாங்கிக்கொள்வார்கள் என்று பாருங்கள். பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடம் இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். தங்கம், வெள்ளி, இங்கிலாந்து, பிரஷ்யா, நெதர்லாந்து, பெல்ஜியம் வங்கிகளின் நோட்டுகள், முதல்தர உண்டியல்கள் (வணிகர்களின் பணமாற்றுச் சீட்டுகள்) ஆகியவை செல்லும். பிரெஞ்சு வங்கி நோட்டு அந்தப் பட்டியலில் இல்லை. பின்னர் விதிவிலக்காக 12.5 கோடி அளவுக்கு மட்டும் ஏற்றார்கள். ஒரு தாலர் (பிரஷ்ய நாணயம்) 3.75 பிராங்க் என்று மாற்று விகிதத்தையும் அங்கேயே கட்டிவைத்தார்கள். அல்சாஸ், லொரேன் பகுதிகளில் ஜெர்மனி எடுத்துக்கொண்ட ரயில் பாதைக்காக 32.5 கோடியைக் கழித்துக்கொண்டார்கள்.

மாணவியின் கேள்விக்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. வட்டியோடு சேர்ந்து சுமார் 531 கோடி ஆன தொகையில் தங்கக் காசாகப் போனது 27 கோடி, வெள்ளியாகப் போனது 24 கோடி. ஏறக்குறைய 425 கோடி உண்டியல்களாகப் போயிற்று. நம் ஊர் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அதே உண்டியல்தான்: ஒரு ஊரில் எழுதிக் கொடுத்தால் இன்னொரு ஊரில் பணம் கிடைக்கும். பிரான்ஸ் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடன் பத்திரம் விற்று, லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் மீதான உண்டியல்களை வாங்கிச் சேர்த்தது. 1872 ஜூலையில் 300 கோடி கேட்டு வெளியிட்ட கடனுக்கு 4,000 கோடிக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன.

மூன்றாவதாக, ஈடு எது என்று கேளுங்கள். 1792இல் திப்பு சுல்தான் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டபோது அவருடைய இரு பிள்ளைகள் பிணையாகச் சென்னைக்கு வந்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1871இல் பிணையாக இருந்தது நிலம்: ஜெர்மானியப் படை பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு மாவட்டங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் தவணைத் தேதியையும், வலப்பக்கம் படை விலகிய இடத்தையும் எழுதிப் பாருங்கள். முதல் 50 கோடிக்கு நேரே சோம், செயின் கீழ்ப்பகுதி, யூர் என்னும் மாவட்டங்கள். 1871 அக்டோபர் ஒப்பந்தத்துக்கு நேரே, ஆக்கிரமிப்பு ஆறு கிழக்கு மாவட்டங்களுக்கும் 50,000 வீரர்களுக்கும் சுருங்கியது. அந்த வீரர்களின் சாப்பாட்டுச் செலவும் பிரான்சின் தலையில்தான் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அரசுத் தலைவர் தியேர் ஏன் தவணைக்கு முன்பே கட்டத் துடித்தார் என்பது அப்போது விளங்கும்.

உடன்படிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள்; பின்வந்த ஒப்பந்தங்களையும் சேர்த்து வாசியுங்கள். நான்சி நகரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படையின் தளபதி மான்டாய்ஃபெலுடன் பேசிக்கொண்டிருந்த செயின்ட் வாலியே போன்ற பிரெஞ்சுத் தூதர்களின் உழைப்பு அவற்றில்தான் தெரியும். 1873 மார்ச் 15 ஒப்பந்தம் கடைசித் தவணையை முன்னே இழுத்து அந்த ஆண்டு செப்டம்பர் 5இல் வைத்தது. செப்டம்பர் 16இல் கடைசி ஜெர்மானிய வீரன் எல்லை தாண்டினான். அதற்குள், மே மாதமே, தியேர் பதவியிழந்திருந்தார்.

இனி நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். 1895இல் சீனாவும் ஜப்பானும் கையெழுத்திட்ட ஷிமோனோசெகி உடன்படிக்கையின் 4ஆம், 8ஆம் விதிகளை எடுங்கள். 20 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி, எட்டுத் தவணை, 5 சதவீத வட்டி, ஈடாக வெய்ஹாய்வெய் துறைமுகம். மூன்று ஆண்டுக்குள் முழுவதும் கட்டினால் வட்டி தள்ளுபடி. இந்தத் தேதிகளைத் தாளில் எழுதிவிட்டு, 1898இல் சீனா இன்னொரு வெளிநாட்டுக் கடன் வாங்கியது ஏன் என்று வலப்பக்கத்தில் விடை எழுதுங்கள்.