ஃப்ரீ சேஃப்டியைப் பார்க்கப் பழகுவது எப்படி?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கத் தொடங்கிய புதிதில் என் கண் பந்தை விட்டு விலகவே விலகாது. தற்காப்பு அணியில் எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்கும் ஃப்ரீ சேஃப்டி எதற்காக இருக்கிறார் என்பது பிடிபடவே இல்லை. அப்புறம் ஒரு சீசன் முழுக்க அவரை மட்டும் பார்த்தேன். அந்த வழிதான் இது. ஸ்னாப், குவார்ட்டர்பேக், ரிசீவர் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சரியான காட்சி

டிவி ஒளிபரப்பு இதற்கு உதவாது. கேமரா பந்தை ஒட்டியே இருப்பதால், 12, 15 யார்டு பின்னால் நிற்பவர் பல நேரம் திரையிலேயே இருக்க மாட்டார். இரு அணியின் 22 பேரையும் சேர்த்துக் காட்டும் ஆல்-22 காட்சிதான் வேண்டும். அமெரிக்காவின் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் கட்டணச் சேவையில் கிடைக்கிறது. கொடுக்கிற காசுக்குத் தகும். ஹைலைட்ஸ் வேண்டவே வேண்டாம். போனை விட லேப்டாப் நல்லது, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும்.

படி 2: ஆளைக் கண்டுபிடியுங்கள்

பொதுவாக இன்னொரு சேஃப்டியான ஸ்ட்ராங் சேஃப்டி, டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) நிற்கும் பக்கம் சற்று முன்னால் இருப்பார். ஃப்ரீ சேஃப்டி அவரை விட ஆழத்தில், நடுவை ஒட்டி.

படி 3: ஸ்னாப்புக்குப் பிறகு மூன்று காலடி

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஸ்னாப்புக்கு முன்னால் ஆழத்தில் ஒருவர் நின்றால் கவர் 1 அல்லது கவர் 3 (கவரின் எண், ஆழத்தைப் பங்கிட்டுக் காப்பவர்கள் எத்தனை பேர் என்பது), இருவர் நின்றால் கவர் 2 என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தால் பாதி தப்பு. காரணம் எளிது: அந்த நிலையே குவார்ட்டர்பேக்கை ஏமாற்றத்தான். இருவர் ஆழத்தில் நிற்பார்கள். பந்து அசைந்ததும் ஒருவர் முன்னால் இறங்குவார், மற்றவர் நடுவுக்கு நகர்வார். கவர் 2 போலத் தெரிந்தது கவர் 3 ஆகிவிடும்.

அதனால் ஸ்னாப் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். பிறகு மெதுவாக ஓடவிட்டு அவருடைய இடுப்பையும் காலையும் மட்டும் பாருங்கள். நடுவை நோக்கிப் பின்வாங்கினால் நடு மூடியிருக்கிறது. ஓரத்தை நோக்கிச் சாய்ந்தால் நடு திறந்திருக்கலாம். முன்னால் பாய்ந்தால், அவருடைய ஆழத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். யார் என்று தேடுங்கள். மூன்று காலடிக்கு முன்னால் எதையும் எழுதாதீர்கள்.

இதற்கு பால்டிமோர் ரேவன்ஸின் ஃப்ரீ சேஃப்டி எட் ரீட் ஆட்டங்களைப் பரிந்துரைப்பேன். ஓர் இடத்தைக் காலியாக விட்டதுபோல் காட்டி, பந்து கிளம்பும் நேரத்தில் அங்கே வந்து நிற்பார். வழக்கமான சீசன் ஆட்டங்களில் மொத்தம் 64 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி எறிந்த பந்தைப் பறித்தது. 2008இல் ஈகிள்ஸ் அணிக்கு எதிராக ஒன்றைப் பிடித்து 107 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார்.

படி 4: எறியாத பந்தை எண்ணுங்கள்

மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். அவ்வளவு அகலத்தில், சியாட்டில் சீஹாக்ஸின் ஃப்ரீ சேஃப்டி ஏர்ல் தாமஸ் ஆழத்தின் நடுவைத் தனியாளாகக் காத்ததால்தான், ஸ்ட்ராங் சேஃப்டி காம் சான்சலர் முன்னால் இறங்கி அடிக்க முடிந்தது. ரிச்சர்ட் ஷெர்மன் ஓரத்தில் ரிசீவரோடு ஒட்டி ஆட முடிந்தது. தாமஸ் பக்கம் பந்தே வராத ஆட்டத்தில்கூட இந்த வேலை நடந்துகொண்டிருக்கும். குவார்ட்டர்பேக் ஆழத்தில் பார்த்துவிட்டுக் குட்டையாக எறியும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள்.

2016 டிசம்பரில் தாமஸுக்குக் கால் முறிந்தது. அடுத்த வாரமே கிரீன் பே 38-10 என்று சியாட்டிலை வென்றது; கிரீன் பே ரிசீவர் டவாண்டே ஆடம்ஸ் 66 யார்டு டச்டவுன் அடித்தார். அன்று சியாட்டில் குவார்ட்டர்பேக் ரசல் வில்சன் 5 இன்டர்செப்ஷன் கொடுத்தார், ஆகவே தோல்வி முழுவதையும் தாமஸ் இல்லாததன் கணக்கில் எழுத முடியாது. ஆனால் தாமஸ் இருந்த ஓர் ஆட்டத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நடுவில் விழும் ஓட்டை தெரியும்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு சந்தேகங்கள். 2 புள்ளி தரும் சேஃப்டி வேறு, அதற்கும் இந்த ஆளுக்கும் தொடர்பில்லை. இரண்டு சேஃப்டிகளும் ஒரே ஆழத்தில் நிற்கிறார்களே என்றால், ஆம், இப்போது பல அணிகள் இருவரையும் மாற்றி மாற்றி ஆட வைக்கின்றன. அப்போது படி 2ஐ விட்டுவிட்டு நேராகப் படி 3க்குப் போங்கள். மூன்றாவது காலடியில் நடுவுக்கு யார் வருகிறாரோ, அந்த பிளேயில் அவர்தான் உங்கள் ஆள்.