குமரிக் காற்றில் பியானோ: வாங்குமுன் பார்ப்பதும் வாங்கியபின் காப்பதும்

பியானோ வாங்க நினைத்தால் முதலில் வீடு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஈரம் மரத்தை ஊத வைக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அதே மரத்தை உலர்த்திவிடும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு, ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும் என்றால் 88 வெயிட்டட் கீ (விரலுக்குக் கனம் தெரியும் கட்டை) உள்ள டிஜிட்டல் பியானோவே போதும். மற்ற இடங்களுக்கு 120 செ.மீ. உயரத்துக்குக் குறையாத, கம்பிகள் செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோ வாங்கலாம். உயரம் கூடினால் கீழ்ஸ்தாயிக் கம்பி நீளும், கம்பியின் அதிர்வைச் சத்தமாகப் பெருக்கும் நாதப்பலகை பெரிதாகும், சத்தத்துக்கு ஆழம் வரும். யமஹா யு1 121 செ.மீ., யு3 131 செ.மீ.

நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை. பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம்; பாலிஷ் யார் வேண்டுமானாலும் போடலாம். உள்ளே ஏறத்தாழ 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து சுமார் 18 டன் இழுவையில் நிற்கின்றன. அந்த இழுவையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். சுருதி நழுவாமல் பிடித்து வைப்பது, கம்பியை முறுக்கும் டியூனிங் ஆணிகள் இறங்கியிருக்கும் கெட்டி மரப்பலகை. அந்தப் பலகை வெடித்திருந்தால் வீட்டில் வைத்துச் சரிசெய்யும் வேலை இல்லை, மாற்றுகிற செலவில் வேறு பியானோவே வாங்கிவிடலாம்.

டார்ச்சும், போனில் டியூனர் ஆப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். மேல்மூடியைத் திறந்து, உள்ளே இரு பக்கமும் உள்ள கொக்கியை விலக்கினால் முன்பலகை கையோடு வரும். ஆணிகளைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு ஆணியிலும் கம்பி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும், சுற்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே சுமார் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். சில இடங்களில் சுற்று சட்டத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தால், துளை தளர்ந்துபோய் ஆணியைச் சுத்தியலால் உள்ளே இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

அடுத்து, கட்டை வரிசையின் நடுவிலுள்ள ஸி-க்கு மேலே வரும் ஏ ஸ்வரத்தை அழுத்துங்கள். டியூனர் ஆப் 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். 430 காட்டினால் ஏறத்தாழ 40 சென்ட் இறங்கியிருக்கிறது (பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு நடுவே 100 சென்ட்). எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பல வருஷம் டியூன் பண்ணவில்லை, அவ்வளவுதான். இரண்டு தடவை டியூன் செய்து ஏற்றலாம். துருவேறிய கம்பி அப்போது அறுந்துபோகலாம், அதையும் கணக்கில் வையுங்கள். பக்கத்துக் கட்டை சரியாக இருக்க, அங்கொன்றும் இங்கொன்றுமாக மோசமாக விலகியிருந்தால் ஆணி பிடிக்கவில்லை. ஒரே பியானோவில் இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தப்பும்.

கம்பியைத் தட்டும் சுத்தியல்களில் கம்பி பதிந்த பள்ளத்தையும், பின்பக்கம் நாதப்பலகையில் கீறலையும் பாருங்கள். 88 கட்டைகளையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். கீழ்ப்பலகையைக் கழற்றினால் எலிப் புழுக்கையோ கரையான் மண்ணோ தெரியும்.

எடை 200 கிலோவுக்கு மேல். குட்டியானையில் ஏற்றினால் நிமிர்த்தி வைத்து, முதுகுப் பக்கம் கேபினோடு சேர்த்துக் கட்ட வேண்டும். முன்கால்களைப் பிடித்துத் தூக்கினால் கால் பெயர்ந்துவிடும். வீட்டில் சாரல் அடிக்காத உட்சுவரோரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சக்கரத்துக்குக் கீழே கிண்ணம் கொடுங்கள். மழைக்காலத்தில் தரை வியர்க்கும். ஏசிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. இராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறை இன்னும் மோசம். ஈரம் தினமும் ஏறி இறங்குவதை மரம் தாங்காது.

ஈரத்துக்குச் சரியான மருந்து, கீழ்ப்பலகைக்கு உள்ளே பொருத்தும், பியானோவுக்கென்றே உள்ள ஹீட்டர் ராடு (தண்ணீர் காய்ச்சும் ராடு அல்ல), ஈரப்பதம் பார்த்துத் தானாக அணையும் கருவியோடு. பழைய ஆட்கள் அங்கே குண்டு பல்பு எரியவிடுவார்கள். எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடையாது. குண்டு பல்போ மரத்தில் பட்டால் ஆபத்து. சின்ன ஈரப்பதமானி ஒன்று உள்ளே தொங்கட்டும். 45-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் நல்லது. ஐந்து புள்ளிக்கு மேல் தினமும் ஆடினால் அறையைக் கவனியுங்கள். சிலிக்கா ஜெல் பை மட்டும் போதாது, நம் மழைக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும்.

பெடல் வரும் ஓட்டைதான் எலிக்கு வாசல். உள்ளே இருக்கும் ஃபெல்டை (கம்பளித் துணியை) கத்தரித்துக் கூடு கட்டும். பெடல் அசைய இடம் விட்டு, மீதியைக் கம்பி வலையால் மூடுங்கள்.

ஆடி மாதம் கட்டை ஒட்டிக்கொண்டால் பதறி தேங்காயெண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் ஃபெல்ட் பிசுபிசுத்துப் போகும், அதை எடுக்கவே முடியாது. முன்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு அந்தக் கட்டையை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். கட்டையே கீழே நின்றால், கட்டைத் துளைக்குள் உள்ள ஃபெல்ட் ஊதி, கட்டையை நேராகப் பிடிக்கும் ஊசியை இறுக்குகிறது. கட்டை மேலே வந்தும் சுத்தியல் கம்பிப் பக்கமே தயங்கி நின்றால், சுத்தியலின் அச்சு ஊசி இறுகியிருக்கிறது. முதலில் ஹீட்டரை மூன்று நாள் ஓடவிடுங்கள், பெரும்பாலும் தானாக விடும். விடாவிட்டால் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள். அதற்கேற்ற சாமானோடு வருவார்.

பியானோ வந்து இறங்கி மூன்று வாரம் கழித்துத்தான் முதல் டியூனிங். பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை. டிசம்பரில் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால் டியூன் பண்ண ஆசை இருக்கும். ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் நாதப்பலகை ஈரம் குடித்துப் புடைத்து, கம்பியை மேலே தள்ளியிருக்கும். அந்த நிலையில் சேர்த்த சுருதி, மரம் காய்ந்ததும் பிப்ரவரிக்குள் இறங்கிவிடும், நடு ஸ்தாயியில்தான் அதிகம். பிப்ரவரியில் ஒன்று, தென்மேற்குப் பருவச் சாரல் தொடங்கி ஒரு மாதமாவது ஆன பிறகு ஜூலைக் கடைசியில் ஒன்று என்று வையுங்கள். டியூனர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தால், அதே வாரத்தில் பக்கத்து வீட்டுப் பியானோவையும் சபைப் பியானோவையும் சேர்த்துப் பேசினால் வழிச்செலவு பகிர்ந்துபோகும்.