விடாது கருப்பை மறுபடியும் பார்க்க விரும்புவோருக்கு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களிடம் ‘மர்மதேசம்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சொன்னால், குதிரைக் குளம்பொலிதான் முதலில் காதில் விழும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, பெரும்பாலும் நாகா இயக்கிய அந்த வரிசையில் தனித்தனிக் கதைகள் 5 உண்டு. இரவில் எவரும் தங்கக் கூடாத ஒரு கோயிலைச் சுற்றி நடக்கும் ‘ரகசியம்’ முதலில் வந்தது. அடுத்து வந்தது ‘விடாது கருப்பு’. நம் ஊர்க்காரர்கள் இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. கதைக்குக் கதை தொடர்பில்லாததால் எதுவும் புரியாமல் போகாது.

யூடியூபில் இப்போது கிடைக்கிறதே என்று உடனே உட்கார்ந்துவிட வேண்டாம். நான் அப்படித்தான் ஓர் இரவு கைப்பேசியில், காதுக்கருவி மாட்டிக்கொண்டு, தொடர்ந்து ஒன்பது பகுதிகள் பார்த்தேன். பயம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது. குறை தொடரில் இல்லை, நான் பார்த்த விதத்தில் இருந்தது என்று விளங்கச் சில நாட்கள் ஆயின.

வாரத்திற்கு ஒரு பகுதி என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிழமையையும் நேரத்தையும் குறித்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த பகுதியைப் போடாதீர்கள். அக்காலத்தில் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஏழு நாட்களில், வகுப்பின் கடைசி வரிசையிலும் கண்மாய்க் கரையிலும் நாங்களே பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்போம். காவல் தெய்வமான கருப்பு உண்மையில் வருகிறதா, அல்லது கருப்பின் பெயரில் யாரோ கொல்கிறார்களா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை வைத்திருந்தோம். அந்த ஏழு நாட்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பழைய நாடகம் மட்டுமே.

தனியாகவும் பார்க்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் கேபிள் இணைப்பு இருந்தது. தரையில் இருபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்க, குளம்பொலி கேட்டதும் அந்த வீட்டு அப்பத்தா கையெடுத்துக் கும்பிடுவார். முடிந்து வீடு திரும்பும் வழியில் அய்யனார் கோயிலின் மண்குதிரைகள் நிற்கும். அவற்றில் ஒன்றுக்கு முன்னங்கால் முறிந்து, உள்ளே வெறும் பொந்தாக இருந்தது; காற்றடிக்கும் இரவுகளில் அதற்குள்ளிருந்து யாரோ மெல்ல ஊதுவதுபோல ஒலி வரும். பெரியண்ணனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குதிரையைப் பார்க்காமல் கடந்து போவோம். உங்களுக்கு மண்குதிரை வாய்க்காவிட்டாலும், விளக்குகளை அணைத்துவிட்டு, நான்கு பேரோடு, பெரிய திரையில், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துப் பாருங்கள். அத்தொடரின் பயத்தில் பெரும்பங்கு ஒலியிலிருந்தே பிறக்கிறது.

கதை பழைய காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் மாறி மாறிப் போவதால், யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது. பிள்ளைகள் படத்தின் மங்கலைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ‘எங்கள் காலத்தில்’ என்று நீங்கள் தொடங்கினால்தான் எழுந்து போவார்கள். முடிவை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தாம் சந்தேகப்படும் ஆளின் பெயரை அவரவர் ஒரு சீட்டில் எழுதி, மடித்து, ஒரு சம்படத்தில் போடச் சொல்லுங்கள்.

பாதித் தொடர் ஓடியதும் ஒருநாள் பகலில் அழகர்கோயிலுக்குப் போய் வாருங்கள். மதுரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். அங்கே பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு உருவம் கிடையாது. சந்தனம் பூசிய, மூடிய கதவுகளையே கும்பிடுகிறார்கள். கொடுக்கல் வாங்கலிலும் பங்காளிச் சண்டையிலும் பேச்சு தீராதபோது இக்கதவின் முன் வந்து சத்தியம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பு விடாது என்ற நம்பிக்கையை அந்த இடத்தில் நின்று பார்த்த பின், தொடரின் தலைப்பே வேறு மாதிரிக் கேட்கும். படப்பிடிப்புத் தளத்தைப் பார்க்கப் போவதுபோல் போகாதீர்கள். பலருக்கு அவர் குலதெய்வம். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், தொடரைப் போடுவதற்கு முன்பே பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தொடரை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனே மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் இங்கேயே மறைந்தவர். இம்மண்ணின் சாமிகளோடு இருந்த பழக்கம் அவர் எழுத்தில் தெரியும்.

கடைசிப் பகுதி முடிந்ததும் உடனே சம்படத்தைத் திறக்காமல், காப்பி குடித்துவிட்டுத் திறங்கள். எங்கள் வீட்டில் மகள் மூன்று பேர்மேல் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டிருந்தாள். அம்மாவின் சீட்டுகள் அனைத்திலும் ‘கருப்பு’ என்ற ஒரே பெயர்தான் இருந்தது. முடிவை நேரில் பார்த்த பிறகும் அம்மா அதை மாற்ற ஒப்பவில்லை. ‘ரகசிய’த்தைத் தொடங்குவதற்குள் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், இந்த வழக்கு தீர அவ்வளவு நாள் தேவைப்படும்.