சூடு ஏற ஏற இறங்கிய எண்

என்னிடம் உள்ள சின்ன மின்உலையில் ஹீட்டர் பழுக்கக் காய்கிறது, கன்ட்ரோலரிலோ 30-இல் இருந்த எண் 20, 10 என்று இறங்கி மைனஸுக்கே போய்விட்டது. நல்லவேளை பக்கத்திலேயே இருந்தேன், உடனே அணைத்தேன்.

சென்சார் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அது கே வகை தெர்மோகப்பிள், வெப்பத்தை மின்னழுத்தமாகக் காட்டும் சென்சார். பிடி100 என்கிற பிளாட்டின சென்சார் என்றால் மின்தடையை அளந்தே சொல்லிவிடலாம், 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் சுமார் 138.5, தெர்மிஸ்டர் என்கிற இன்னொரு சென்சாரும் மின்தடைதான், ஆனால் பெரும்பாலும் சூடேறினால் குறையும். தெர்மோகப்பிள் அப்படியில்லை, இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் இரு முனைகளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தருகிறது, அவ்வளவுதான். அதனால் பிளஸ், மைனஸ் கம்பிகள் இடம் மாறினால் எண்ணும் தலைகீழாக ஓடும்.

போன வாரம் ஒயரை மாட்டும்போது சிவப்பை பிளஸ்ஸில் கொடுத்திருக்கிறேன்! அமெரிக்க நிறமுறையில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ் (யார் யோசித்தார்களோ). சந்தேகம் தீர காந்தத்தை வைத்துப் பார்த்தேன், சிவப்புக் கம்பியில் ஒட்டியது. கே வகையில் ஒட்டுவதுதான் மைனஸ்.

மாற்றிப் போட்டதும் எண் ஏறியது, ஆனால் கொதிக்கிற நீரில் நுனியை முக்கினால் பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, நீளம் போதாமல் நடுவில் சாதாரண செப்பு ஒயரை ஒட்டுப்போட்டிருந்தேன், அதுவும் சூடான உலைச் சுவரை ஒட்டியே. இரண்டு பக்கமும் ஒரே செப்பு என்பதால் அந்தத் துண்டின் இரு முனைகளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் கணக்கில் வராமல் போய்விடும். அதை எடுத்துவிட்டு கே வகைக்கான நீட்டிப்பு ஒயரையே போட்டேன். இப்போது 99 காட்டுகிறது.